எடையில்லாத உலகத்துக்கு முட்டு

வானத்தைக் கடைசியில் அறுக்கலாம் என்றான் டுவேன்.
ஒட்டும்போது வானம்தான் முதல்,
மற்ற பலகைகள் எல்லாம் அதன்மேல்தான் ஏற வேண்டும்.
தெரிந்தே தள்ளிப்போட்டான்.

பகலில் எனக்குப் பல் மருத்துவமனையில் வேலை.
அந்நியர் தாடைகளை எக்ஸ்ரே எடுத்து
எது முன்னே எது பின்னே என்று
சாம்பல் நிறத்தின் அடர்த்தியில் படிக்கிறேன்.
அதனால் அடுக்குகள் எனக்குச் சிரமமில்லை.
பக்கத்தில் வால்நட், கருத்த பாறைப் பிளவு.
அதற்குப் பின் செர்ரியில் குமிழ்க்கூரை நகரம்,
மேப்பிளில் கப்பல்,
பிர்ச்சில் வளையம் மாட்டிய கோள்.
தூரம் கூடக் கூட மரம் வெளுக்கும்,
நடுவில் கால் அங்குலக் காற்று.
அப்புறம் திடீரென்று கறுப்பு.

சிரமம் வேறு இடத்தில்.
காகிதத்தில் கோள் மிதக்கும்.
மரத்தில், அறுத்து முடித்த நொடியே
மேசைக்கடியில் விழும், நாய் கவ்விக்கொண்டு ஓடும்.
போன மாதம் ஒரு நிலவு அப்படித்தான் போயிற்று.
ஆக, எதுவும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்:
வளையத்தின் நுனி சட்டத்தை,
கப்பலின் புகை கோபுரத்தின் உச்சியை.
எடையில்லாத உலகத்தை வரைய உட்கார்ந்தவள்
மூன்று வாரமாக
முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டுலூத்தில் ஜனவரி. ஏரி உறைந்து
ராத்திரியில் முனகுகிறது.
இரும்புத்தாதுத் துறைமுகத்தில்
கப்பல்களின் வயிற்றை நிரப்புகிறவன் டுவேன்.
கப்பல் வராத மாதங்களில்
கராஜில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி
ஸ்க்ரோல் ரம்பத்தின் முன் உட்காருவான்.

"இருநூற்றுப் பதினாலு நட்சத்திரம்,"
படத்தை மூக்கருகே பிடித்தான்.
"நாலு நாலு முனை வேறு.
ஒவ்வொன்றுக்கும் துளை போடணும், பிளேடைக் கழற்றணும்,
துளையில் கோத்து மாட்டணும், இறுக்கணும், அறுக்கணும்,
திரும்பக் கழற்றணும்.
உனக்கென்ன, பென்சிலை அழுத்தினால் நட்சத்திரம்."
"அண்டம் அவ்வளவு பெரிசு," என்றேன்.
"அண்டத்துக்கு முதுகு கிடையாது."

பிறகு கப்பலைப் பார்த்தான்.
நீண்ட வயிறு, மேலே வரிசையாக மூடிகள்,
வாலில் ஒரு வீடு.
"சிக்னே, இது தாதுக் கப்பல்.
பின்னால் நெருப்பு வைத்தால் ராக்கெட் ஆகிடுமா?"
எங்கிருந்தோ வந்த கப்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.
சமையலறை ஜன்னலிலிருந்து வந்திருக்கிறது.
அழிக்கவில்லை. இரண்டு துடுப்பு மட்டும் சேர்த்தேன்,
மானத்துக்கு.

நூற்று எழுபத்தொரு நட்சத்திரம் முடிந்த ராத்திரி
பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி
உள்ளே வந்தான்.
துளைக்கருவியின் நுனி வழுக்கிவிட்டது.
நான் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்த கறுப்பில்
முனையில்லாத, வட்டமான, ஒற்றைத் துளை.
"மரத்தூளும் பசையும் வைத்து அடைச்சிடலாம்,
மேலே சாயம். தெரியாது."

விளக்குக்கு நேராகப் பிடித்தேன், பழக்கம்.
பல்லாக இருந்தால் சொத்தை என்று எழுதியிருப்பேன்.
வெகுநேரம் பிடித்திருந்தேன் போல,
"கை வலிக்கலையா?" என்றான்.

மேப்பிள் கப்பலை இன்னும் ஒட்டவில்லை.
சட்டத்துக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்ததை
கொஞ்சம் மேலே திருப்பினேன்.
மூக்கு அந்தத் துளைக்கு நேராக வந்தது.
உடனே புகை கோபுரத்தை விட்டு விலகிற்று,
கப்பல் பொத்தென்று மேசையில் சாய்ந்தது.
இனி புதிதாக ஒரு முட்டு வேண்டும்.
குமிழ்க்கூரையிலிருந்து ஒரு கம்பி போகலாம்,
எரிபொருள் குழாய் என்று சொல்லிக்கொள்ளலாம்,
பென்சில் எங்கே?

"அங்கே என்ன இருக்கு?" கேட்டான் டுவேன்,
துளையைச் சுண்டுவிரலால் தொட்டு.
"எனக்கெப்படித் தெரியும், நீதானே போட்டாய்."

விரலைப் பார்த்தான். அதில் கொஞ்சம் கருந்தூள்.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
மிச்சம் நாற்பத்து மூன்றை அறுக்கப் போனான்.